மாமன் கண்

எங்கள் கடையில் சொன்ன விலையை யாராவது அப்படியே கொடுத்துவிட்டுப் போனால் அப்பாவுக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று புலம்பிக்கொண்டிருப்பார். அதேபோல, கேட்ட விலைக்கே பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் வாங்கியவருக்குத் தூக்கம் வராது. இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமே என்று. இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கவேண்டுமென்றால் நடுவில் அரை மணி நேரம் சண்டை நடந்தாக வேண்டும். கடலூர் முதுநகரில், நாங்கள் ஓ.டி. என்று சொல்கிற அந்தப் பழைய ஊரில், சடையப்பன் பாத்திரக்கடைக்குள் கால் வைக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

நான் அந்தச் சடையப்பனின் மகன், சபாபதி. பிறக்கும்போதே என் இடது கண்ணின் மேலிமை பாதி இறங்கியிருந்தது. தூக்கினால் தூக்க வராது. நேராகப் பார்க்க வேண்டுமென்றால் முகவாயை உயர்த்தி, புருவத்தை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பு குரூப் போட்டோவில் எல்லாப் பிள்ளைகளும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, நான் மட்டும் ஏதோ ஜமீனை விற்க மனமில்லாதவன் மாதிரி நிற்கிறேன். அம்மா கொஞ்சநாள் பயந்தாள். தெருமுனை கிளினிக் கம்பவுண்டர், "வளர வளர சரியாயிடும்மா" என்றார். நான் வளர்ந்தேன். இமை வளரவில்லை. அதற்குள் அப்பா அந்தக் கண்ணுக்கு ஒரு வேலை கண்டுபிடித்துவிட்டார்.

எனக்கு ஏழு வயது. தை மாதம், கல்யாணச் சீர் பாத்திரம் வாங்கக் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு கும்பல் வந்திருந்தது. அந்தக் காலத்தில் சீர் பாத்திரம் வாங்க வருவதென்றால் பெண்ணைத் தவிர எல்லோரும் வருவார்கள். கட்டுச்சோறோடு வருவார்கள். ஒருவர் அண்டாவைத் தட்டிச் சத்தம் கேட்பார். இன்னொருவர் குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தே பார்ப்பார். பேரம் பேசுவதற்கென்றே ஒரு பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அன்றைய பெரியப்பா ஒரு பித்தளை அண்டாவுக்கு அடிமாட்டு விலை கேட்டார். அப்பா பெருமூச்சுவிட்டுக்கொண்டு துண்டை உதறினார். முக்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த நான், என்ன சத்தம் என்று தலையைத் தூக்கிப் பெரியப்பாவைப் பார்த்தேன். அவ்வளவுதான். பார்க்க மட்டும்தான் செய்தேன்.

"ஏன் தம்பி அப்டிப் பாக்குற?" என்றார் அவர்.

நான் என்ன சொல்வது? வாயில் முறுக்கு.

"நான் என்ன கூசாமயா கேட்டுட்டேன்?" என்று கொஞ்சம் ஏற்றினார். நான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன். "செரி, வெச்சுக்க. சின்னப் புள்ளகிட்ட என்ன அல்பத்தனம்" என்று இன்னும் ஏற்றினார். எங்கள் பக்கம் ஒரு வார்த்தை பேசாமல் அண்டா வியாபாரம் முடிந்தது.

அவர்கள் வண்டி ஏறிப் போனதும் அப்பா என்னைத் தூக்கி கல்லாப்பெட்டி மேல் உட்கார வைத்தார். என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, புதுக் குத்துவிளக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நான் பத்து நிமிஷம் தொண்ட வத்தப் பேசி ஏத்துறத எம் புள்ள ஒரு பார்வையில ஏத்திட்டானே" என்றார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு முக்காலி உத்தியோகம். பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'அரைக்கண்ணு'. கடைத்தெருவில் 'ராசாக்கண்ணு'. சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த ஊரில் ஒரு பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்வேன். துறைமுகத்துப் பக்கமிருந்து வருகிற கருவாட்டு வாசனை, பெயர் வெட்டுகிற ஆசாரியின் டக் டக் டக், அப்பாவின் பொய்க் கோபம், போகிறேன் போகிறேன் என்று செருப்பில் கால் நுழைத்துவிட்டுப் போகாமல் நிற்கிற கூட்டம். இப்போதும் ஏதாவது ஒரு சாயங்காலம் வெயில் பித்தளைக் குடங்களில் சாய்ந்து விழும்போது, அந்த முக்காலியில் ஒரு நாள் உட்கார எதைக் கேட்டாலும் கொடுப்பேன், பேரமே பேசாமல் கொடுப்பேன் என்று தோன்றும்.

இதெல்லாம் பழைய கதை. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது குக்கர், மிக்ஸி எல்லாம் விலை அச்சடித்த அட்டைப்பெட்டியில் வருகின்றன. பேரம் பேச பித்தளையும் செம்பும்தான் மிச்சம்.

என் தங்கை பவானி சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவன் பாலகுமாருக்கு அங்கே பல்கலைக்கழக ஆபீசில் வேலை. பவானிக்குக் கடலூரில் கலெக்டர் ஆபீசில் வேலை. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்குப் பெண் பிறந்தது. அருள்மொழி. எனக்கும் என் மனைவி லோகநாயகிக்கும் பிள்ளை கிடையாது. அதனால் அந்தக் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில் அப்பனைவிட மாமன்தான் அதிகம் ஆட்டம் போட்டான் என்று இன்றும் சொல்வார்கள்.

குழந்தைக்கு இடது இமை பாதி இறங்கியிருந்தது.

முதல் வருஷம் திருவந்திபுரம் மலையில் மொட்டை போட்டோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினோம். முடி போன தலையில் அந்தக் கண் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. எங்கள் மங்கலம் அத்தை கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "மாமன் கண்ணு அப்டியே வந்திருக்கு பாரேன். பாகம் கேக்காமயே அம்மா வூட்டு சொத்த வாங்கிட்டா" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது நான். பவானி மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையின் காதில் ரத்தம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பவானி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும், காலை பாசஞ்சரில் குழந்தையோடு வந்து ஓ.டி. ஸ்டேஷனில் இறங்கி, அவளைக் கடையில் விட்டுவிட்டு மஞ்சக்குப்பத்துக்கு டவுன் பஸ் பிடிப்பாள். சாயங்காலம் வந்து கூட்டிப்போவாள். நான் பரணிலிருந்து அந்த முக்காலியை இறக்கித் துடைத்துப் போட்டேன். அருளு அதில் ஏறி உட்கார்ந்து, முகவாயை உயர்த்திக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். ஒரு நாள் ஒரு அம்மாள் செம்புக் குடத்துக்கு விலை கேட்டுவிட்டுத் தற்செயலாக இவளைப் பார்த்தாள்.

"இன்னாடி அப்டிப் பாக்குற? கம்மியாக் கேட்டுட்டேனா?"

அருளு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"செரி, ஒரு அம்பது சேத்துக்கோங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது ரூபாய்க்கு யாராவது அழுவார்களா? அழுதேன். அப்பா கடைக்குள் துண்டை உதறிக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

அருளுவுக்கு மூன்றரை வயதானபோது பாலகுமார்தான் பேச்சை எடுத்தான். அதிகம் பேசாத ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் அவர்கள் வீட்டில் சம்பா சாதமும் கொத்சும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்: "மச்சான், இவ டி.வி. பாக்குறப்ப தலைய ரொம்பப் பின்னால சாச்சுக்குறா. சோத்துக்கைப் பக்கத்துக் கண்ண யாராச்சும் மறைச்சா அழுவுறா. பீச்சாங்கைப் பக்கத்துக் கண்ண மறைச்சா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா."

"அது எங்க வம்சத்து கம்பீரம் மாப்ள. ஒனக்குப் புரியாது."

"இருக்கலாம். நான் டாக்டருக்கு டோக்கன் போட்டுட்டேன்."

சிதம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டர் பெயர் ஸ்ரீமதி. கண்டிப்பான அம்மாள், ஆனால் குழந்தைகளிடம் பேசும்போது குரல் வேறு. அட்டையில் வீடு, குடை, ஆப்பிள் படங்களைக் காட்டிக் காட்டி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, சொட்டுமருந்து விட்டு, அரை நாள் பார்த்தார். பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"இமையத் தூக்குற சதை பொறக்கும்போதே பலமில்லாம இருக்கு. அது ஒண்ணு. அந்த இமை கண்ணு மேல படுத்து அழுத்தி அழுத்தி, பவர் ஏறியிருக்கு. அது ரெண்டு. இந்த ரெண்டையும் சமாளிச்சுடலாம். மூணாவதுதான் அவசரம். மூளைக்கு ஒரு கண்ணுலேந்து தெளிவா படம் போவுது, இன்னொண்ணுலேந்து மங்கலா போவுது. மூளை என்ன பண்ணும்? மங்கலா வர்றதை வேணாம்னு ஒதுக்கிடும். சின்ன வயசுல ஒதுக்கினது ஒதுக்கினதுதான். அப்புறம் இமையத் தூக்கினாலும், கண்ணாடி போட்டாலும், அந்தக் கண்ணு பாக்கக் கத்துக்காது."

"ஆபரேஷன் பண்ணித் தூக்கிட்டா?" என்றான் பாலகுமார்.

"பண்ணத்தான் போறோம். ஆனா அது ஷட்டரத் தூக்குற வேலை. உள்ள கடையில ஆள் இருக்கணும் இல்ல?"

இந்த உதாரணம் எனக்காகவே சொன்னதுபோல் இருந்தது. வைத்தியம் இதுதான்: கண்ணாடி போட வேண்டும், நன்றாகப் பார்க்கிற வலது கண்ணை தினமும் ஆறு மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடிவிட வேண்டும். வேறு வழியில்லாமல் இடது கண் வேலை செய்து பழகும். அந்த நேரத்தில் கிட்டத்தில் பார்க்கிற வேலை ஏதாவது கொடுக்க வேண்டும். எட்டு வயதுக்குள் செய்தால் பலன். அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

"ஆறு மணி நேரம் ஜாஸ்தி இல்லீங்களா டாக்டர்?" என்றேன்.

"ஆறு."

"சின்னப் புள்ள. ஒரு மூணுல ஆரமிச்சா?"

"ஆறு மணி நேரம் சார்."

பவானி என் முழங்கையைக் கிள்ளினாள். டாக்டர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒங்களுக்கும் பொறந்ததுலேந்தே இருக்கா? பார்வை எப்டி?"

"எனக்கு ஒரு கொறையும் இல்ல டாக்டர்" என்றேன்.

அது பொய். அந்தப் பொய்க்கு அன்றைக்கு நாற்பது வயது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு சாயங்காலம் புது டம்ளர் ஒன்றை வலது கண்ணில் கவிழ்த்துக்கொண்டு விளையாடினேன். இமையை விரலால் தூக்கிப் பிடித்து இடது கண்ணால் கடையைப் பார்த்தேன். கடையைக் காணோம். அடுக்கியிருந்த குடங்கள் உருகிய நெய்போல ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஐந்தடி தூரத்தில் அப்பா இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல், அதன் மேல் ஒரு கறுப்புத் தீற்றல். அந்தத் தீற்றல் அப்போது பக்கத்துக் கடைக்காரரிடம், "எம் புள்ள கண்ணுக்கு விலையே கெடையாது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. டம்ளரை எடுத்து அடுக்கில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கடையில் ஒரு குடத்தில் ஒடுக்கு விழுந்தால் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைப்பதுதான் வழக்கம். வாங்குகிறவன் கேட்டால் சொல்லலாம். கேட்காமல் சொல்கிறவன் வியாபாரி இல்லை. என் கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டிரைவிங் லைசென்சுக்குக் கேட்டார்கள். அப்போதும் கையை மாற்றி மாற்றி இடது கண்ணையே இரண்டு தடவை மூடிக் காட்டிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது என் மனதில் ஓடியது ஒன்றுதான். கேட்டதும் 'ஆறு' என்று யோசிக்காமல் சொன்னார் அல்லவா? ஆறு என்று சொன்னால்தான் ஜனங்கள் நான்கு மணி நேரமாவது செய்வார்கள் என்று தெரிந்துதான் சொல்லியிருப்பார். எந்தச் சரக்கிலும் குறைக்க இடம் வைத்துத்தான் விலை சொல்வார்கள். வைத்தியம் மட்டும் என்ன விதிவிலக்கு? நான்கு போதும் என்று மனதுக்குள் முடித்துக்கொண்டேன்.

பவானி ஒரு அட்டை தயார்செய்து கடைச் சுவரில் மாட்டினாள். நாளுக்கு ஆறு கட்டம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். "ண்ணா, எனக்கு லீவு கெடையாது. ஒன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்" என்றாள்.

முதல் நாள் பேட்ச் ஒட்டி, கண்ணாடியை மாட்டியதும் அருளு முக்காலியிலிருந்து இறங்கினாள். இரண்டு அடி நடந்தாள். நின்றுவிட்டாள். கைகளை முன்னால் நீட்டி, "மாமா, லைட்டு போச்சு" என்றாள். பட்டப்பகல். எனக்கு அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியும். உருகிய நெய்க்கு நடுவில் நிற்கிறாள். அந்த ஊரில் அவளுக்கு முன்னால் நான் போய்வந்திருக்கிறேன். அவள் அழ ஆரம்பித்ததும் தூக்கிக்கொண்டேன். நான்கு மணி நேரம் இரண்டானது.

பிறகு அவளே பேரத்தைக் கற்றுக்கொண்டாள்.

"மாமா, இட்லி தின்னுட்டு ஒட்டிக்கிறேன்."

"செரி."

"தின்னா தூக்கம் வருது. தூங்கி எழுந்து."

"அப்ப எழுந்ததும் ரெண்டு மணி நேரம்."

"ஒண்ணு. ஒண்ணுதான். போணி ஆவல இன்னும்."

போணி என்ற வார்த்தையை மூன்றரை வயதில் சரியான இடத்தில் போட்டவளிடம் நான் எப்படி ஜெயிப்பது? தோற்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேட்ச் ஒட்டியிருக்கும்போது அவள் சீக்குக் குழந்தை மாதிரி இருந்தாள். வருகிறவர்கள் "ஐயோ பாவம்" என்றார்கள். பேட்சையும் கண்ணாடியையும் எடுத்ததும், முகவாயை உயர்த்தி, அந்தப் பாதிக் கண்ணோடு முக்காலியில் மகாராணிபோல உட்கார்ந்தாள். வருகிறவர்கள் தாங்களாகவே விலையை ஏற்றினார்கள். கடை பழைய கடையாக இருந்தது. அழுகைக்கு இரங்கித்தான் பேட்சை எடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, பவானி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆறு நட்சத்திரத்தையும் வரிசையாக ஒட்டிவிடுவேன். லோகநாயகி மாடியிலிருந்து காபி கொண்டுவந்தவள் ஒரு நாள் அதைப் பார்த்தாள்.

"ஏங்க, வானத்துலகூட நட்சத்திரம் ஒண்ணொண்ணாதான் வரும். நீங்க ஆறையும் ஒரே நேரத்துல வரவைக்கிறீங்க."

"புள்ள அழுவுறாடி."

"அழுவட்டும். பின்னால அழாம இருப்பா."

"எனக்கு என்ன கொறஞ்சு போச்சு இப்ப?"

அவள் காபியை என் வலது பக்கம் வைத்தாள். "இருவத்திரண்டு வருஷமா ஒங்க சோத்துக்கைப் பக்கமே உக்காந்து சாப்புடுறேன். அந்தப் பக்கம் உக்காந்தா ஆளே இல்லாத மாதிரி இருப்பீங்க. ஏன்னு நான் கேட்டனா? நீங்கதான் சொன்னீங்களா?"

நான் காபியைக் குடித்தேன். சூடு ஜாஸ்தி என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி சிதம்பரம் ஆஸ்பத்திரி. பவானி, பாலகுமார், நான், என் மடியில் அருளு. டாக்டர் அதே அட்டைகளைக் காட்டினார். வலது கண்ணை மூடினார். அருளு கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பெரிய வீட்டைச் சொன்னாள். அடுத்த வரிக்குப் போனால் பேசாமல் இருந்தாள். டாக்டர் கிட்டே கொண்டுவந்தார். பிறகு போன தடவை எழுதியதை எடுத்துப் பார்த்தார்.

"ஒரு வரிகூட ஏறல."

பவானி அந்த நட்சத்திர அட்டையை உருட்டிக் கொண்டுவந்திருந்தாள். பிரித்து மேசைமேல் விரித்தாள். மூன்று மாதம். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. இவ்வளவு ஒழுங்கான அட்டையை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது.

டாக்டர் அதை விரலால் தடவிக்கொண்டே யோசித்தார். "ஆறு மணி நேரம் விடாம போட்டும் ஏறலன்னா, நான் நெனச்சது மட்டும் இல்ல. உள்ள நரம்புல வேற ஏதோ இருக்கலாம். மெட்ராசுக்கு எழுதித் தர்றேன். மயக்கம் குடுத்து உள்ள பாக்கணும், ஸ்கேன் எடுக்கணும். அதுலயும் ஒண்ணும் தெரியலன்னா..." என்று நிறுத்தினார். "சில கண்ணு இவ்ளோதான் வரும்னு மனசத் தேத்திக்க வேண்டியதுதான்."

பவானி அட்டையை மறுபடி உருட்ட ஆரம்பித்தாள். அது சரியாகச் சுருளவில்லை. அருளு என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்" என்றேன். "ஆறு இல்ல."

"எது?"

"ஒட்டினது. ஆறு மணி நேரம் இல்ல."

"பின்ன எவ்ளோ?"

"நாலு" என்றேன்.

பவானி நிமிர்ந்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பேரத்தில் பெரிய ஆயுதம்.

"மூணு இருக்கும்."

அப்போதும் சொல்லவில்லை.

"ரெண்டு... ஒண்ணரை டாக்டர். சில நாளு அதுவும் இல்ல. ஸ்டாரெல்லாம் சாய்ந்தரம் நான் ஒட்டினது."

வாழ்க்கையில் அன்றைக்குத்தான் எதிராளி வாயைத் திறக்காமலே அடிமட்ட விலைக்கு இறங்கினேன்.

பாலகுமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பவானி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏண்ணா?"

டாக்டர் பக்கம் திரும்பிச் சொன்னேன். "எனக்கும் அந்தக் கண்ணு தெரியாது டாக்டர். அன்னிக்குப் பொய் சொன்னேன். ஒரு கண்ண வெச்சுக்கிட்டே நல்லா பொழைக்கலயான்னு நெனச்சுட்டேன்."

டாக்டர் எழுந்து வந்து, என் வலது கண்ணைத் தன் உள்ளங்கையாலேயே மூடினார். கையை மாற்ற வழியில்லை. மற்றொரு கையை என் முன்னால் காட்டி, "எத்தன வெரலு?" என்றார். இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். "வெரலுன்னு நீங்க சொல்லித்தான் தெரியுது" என்றேன்.

"எத்தன வயசுல கண்டுபுடிச்சீங்க?"

"ஒம்போது."

"வீட்டுல சொல்லலையா?"

"எங்கப்பாவுக்கு அந்தக் கண்ணு ரொம்பப் புடிக்கும் டாக்டர்."

அவர் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். மெட்ராசுக்கு எழுத எடுத்த தாளைத் தள்ளிவைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மூணு மாசம் வீணாப் போச்சு. ஆனா நாலு வயசுதான் ஆவுது, இன்னும் டைம் இருக்கு. ஒழுங்கா மூணு மாசம் போட்டுட்டு வாங்க, பாக்கலாம். ஆறு மணி நேரம்" என்றார். என்னைப் பார்த்து இல்லை, பவானியைப் பார்த்து.

வெளியே வந்ததும் பவானி குழந்தையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இனிமே புள்ள கடைக்கு வர வேணாம்."

"பவானி..."

"மெட்ராசுக்குத் தூக்கிட்டுப் போயி மயக்க ஊசி போட்டிருப்பாங்கண்ணா. ஒண்ணுமில்லாததுக்கு." கீழ வீதியில் ஒரு ஆட்டோ நிறுத்தி ஏறினாள். குழந்தை மட்டும் கையாட்டிக்கொண்டு போனது.

முக்காலி பத்து நாள் காலியாகக் கிடந்தது. பவானி சம்பளமில்லா லீவு போட்டுத் தானே ஒட்டினாள். பத்தாம் நாள் லீவு முடியும் என்று எனக்குத் தெரியும். பதினோராம் நாள் காலையில் கடைச் சாவியை லோகநாயகியிடம் கொடுத்துவிட்டு, சிதம்பரம் போகிற முதல் வண்டியில் ஏறினேன். பரங்கிப்பேட்டை தாண்டும்வரை என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தேன். வாசலில் பவானி ஆபீசுக்குக் கிளம்பி நின்றிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் குழந்தையை விடுவதாக ஏற்பாடு. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"இங்கயே இருக்கேன். நீ ஒட்டிட்டுப் போ. நீ சொல்ற நேரத்துக்குத்தான் எடுப்பேன்" என்றேன்.

அவள் குழந்தையின் வலது கண்ணில் பேட்சை ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தி, கண்ணாடியை மாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு மணி வரைக்கும். பக்கத்து வூட்டுல சொல்லிட்டுத்தான் போறேன், எட்டிப் பாப்பாங்க."

அப்படியே தினமும். அருளுவுக்கு முதலில் புரியவில்லை. ஒரு மணி நேரத்தில் வழக்கம்போலக் கடையை விரித்தாள். "மாமா, இன்னும் ஒண்ணுதான்." "மூணு மணிக்குத்தான் கண்ணு." "செரி, ரெண்டு." "மூணு மணிக்கு." முத்தம் கொடுத்துப் பார்த்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். எதிர்த்து ஒரு எண்ணாவது சொல்லுவேன் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. என் நாற்பது வருஷத் தொழிலை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரண வேலை இல்லை.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள். மணி இரண்டே கால். ஒரு தட்டில் அரிசியையும் பச்சைப்பயறையும் கலந்து வைத்து, பயறைப் பொறுக்கி டம்ளரில் போடச் சொல்லியிருந்தேன். கிட்டப் பார்க்கிற வேலை. அவள் மூக்கு தட்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, அரிசியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று தட்டை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தாள். பயறு கட்டிலுக்கடியில், கதவு இடுக்கில், எல்லா இடத்துக்கும் சிதறி ஓடியது.

"நீ கெட்ட மாமா. கடை மாமாதான் நல்ல மாமா."

"செரி" என்றேன்.

"நீ ஊருக்குப் போ."

"மூணு மணிக்குப் போறேன்."

அவள் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் முட்டி போட்டு, டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையில் கிடந்ததைப் பொறுக்க ஆரம்பித்தேன். கட்டில் பக்கம், கதவுப் பக்கம் எல்லாம் பொறுக்கினேன். முடித்துவிட்டோம் என்று நினைத்து எழக் கையை ஊன்றியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அங்க ஒண்ணு கெடக்கு."

"எங்க?"

"அங்க. கட்டில் காலாண்ட."

நான் பார்த்தேன். வலது கண் எட்டிய வரைக்கும் சாம்பல் நிறத் தரை, கட்டில் கால், கொஞ்சம் தூசி. அவள் இன்னும் மூலையில்தான் உட்கார்ந்திருந்தாள், முகவாயைத் தூக்கிக்கொண்டு, பேட்சுக்கு வெளியே இருந்த அந்த ஒரு கண்ணால் பார்த்தபடி.

"பச்சையா இருக்கு பாரு மாமா. ஒனக்குத் தெரியல?"

"இல்ல கண்ணு" என்றேன். "எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. நீ வந்து எடு."

அவள் எழுந்து, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, மெதுவாக நடந்துவந்தாள். என் இடது பக்கத்தில் குந்தினாள். முதல் தடவை விரல் தரையைத்தான் கிள்ளியது. இரண்டாம் தடவையும் கிள்ளியது. நான் தொடவில்லை. மூன்றாம் தடவை எடுத்துவிட்டாள். டம்ளரில் டங்கென்று சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு இருக்கு" என்று கட்டிலுக்கடியில் நுழைந்தாள்.